ஊர் எடுத்த விழாவும் அதன் ஆவணமும்: ஜொகூர் பாருவின் வீதி ஊர்வலங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நகரம் முழுவதும் ஆடரங்காக மாறும் விழாக்களை எவ்வாறு ஆவணப்படுத்துவது என்னும் வினா நிகழ்த்துகலை ஆய்வாளர்களிடையே பெரிதும் பேசப்பட்டு வருகிறது. அரங்கில் நிகழும் ஆடலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பார்ப்போர் அமரும் இடமும் ஆடுவோர் நிற்கும் இடமும் வெவ்வேறானவை. நகர விழாவில் இவ்வெல்லைகள் மறைந்துவிடுகின்றன. ஒரே வேளையில் பல தெருக்களில் பல குழுவினர் ஆடுகின்றனர். வேடிக்கை பார்க்க வந்தவர் நான்கு அடி எடுத்து வைத்ததும் விழாவில் பங்கு கொள்பவராகிவிடுகிறார். விழா முழுவதையும் தனியொருவர் காண்பது இயலாது. அவ்வாறு காண இயலாத முழுமையை எழுத்திலும் படத்திலும் ஒலியிலும் எங்ஙனம் பதிவு செய்வது என்பதே இங்கு எழும் சிக்கலாகும்.

இக்கட்டுரை அச்சிக்கலை ஜொகூர் பாரு நகரின் இருவகை வீதி ஊர்வலங்களைக் கொண்டு ஆராய முற்படுகிறது. ஒன்று, சீனச் சமூகத்தினர் ஆண்டுதோறும் நடத்தும் சிங்கே ஊர்வலம். மற்றொன்று, தமிழர்தம் தைப்பூசக் காவடி ஊர்வலம். ஒரு விழா ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோனால் அதனை மீண்டும் எடுத்து நடத்துவதற்குத் தேவையான அறிவைச் சேமித்து வைப்பதே ஆவணமாக்கம் என்பது நாம் இங்கு முன்வைக்கும் கருத்து. இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால், நம் விழாக்களைப் பற்றி இன்று குவிந்து கிடக்கும் படங்களுள் பெரும்பகுதி ஆவணம் என்னும் தகுதியைப் பெறுவது அரிது என்பதையும் கூற வேண்டியுள்ளது.

காப்பியம் காட்டும் வழி

நகர விழாவை ஆவணப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் மணிமேகலையின் விழாவறை காதையும் புகார் நகரில் 28 நாள் நடைபெற்ற இந்திர விழாவை விரித்துரைக்கின்றன. இவற்றை இலக்கிய வருணனை என்ற அளவிலேயே வகுப்பறையில் கற்பித்து வருகிறோம். ஆவணம் என்ற நோக்கில் இவற்றைப் படித்தால் வேறு சில செய்திகள் புலப்படும்.

விழாவறை காதையில் முரசு யானையின் பிடரியில் ஏற்றப்படுகிறது. விழாவை அறிவிப்பவன் நகர மக்கள் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறான். பூரண கும்பமும் பாலிகையும் பாவை விளக்கும் வைக்க வேண்டும். கமுகும் வாழையும் கரும்பும் நட வேண்டும். வீதிகளில் பழைய மணலை அகற்றிப் புது மணல் பரப்ப வேண்டும். பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்ல வேண்டும். விழாவின் அழகைச் சாத்தனார் வேறிடங்களில் பாடியிருக்கலாம். இங்கு அவர் தருவது ஒரு செய்முறைப் பட்டியல். அதனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தெருவை விழாவுக்கு ஆயத்தப்படுத்திவிட முடியும்.

அரங்கேற்று காதையும் இத்தகையதே. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல் என இளங்கோவடிகள் அளவு தருகிறார். தூணின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்கு ஏற்றப்பட்டதைக் குறிப்பிடுகிறார். மூவகைத் திரைகளைச் சொல்கிறார். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளைத் தனித்தனியே கூறுகிறார். மாதவியின் அழகு மட்டும் அங்கே பதிவாகவில்லை. அவள் ஆடுவதற்குப் பின்னணியில் உழைத்த அத்தனை பேரும் பதிவாகியுள்ளனர்.

இருப்பினும் அங்கும் ஓர் இழப்பு உண்டு. மாதவி ஆடிய 11 வகை ஆடல்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றை அவள் ஆடியவாறே இன்று ஆடிக் காட்ட வல்லார் எவருமில்லை. பரதம், அகத்தியம் முதலான தொன்மையான நாடகத் தமிழ் நூல்கள் இறந்துபட்டன என்று அடியார்க்குநல்லார் தம் உரையில் வருந்திக் கூறியுள்ளார். உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது சொற்களை மீட்டெடுத்தார். அச்சொற்கள் குறித்த உடலசைவுகளை மீட்டெடுக்க எவராலும் இயலவில்லை. பெயர் எஞ்சியிருப்பதும் கலை எஞ்சியிருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

நிகழ்வும் பதிவும்: மேனாட்டார் விவாதம்

இவ்விழப்பைப் பற்றி மேலை நாட்டுக் கலையுலகிலும் விவாதம் நிகழ்ந்துள்ளது. பெகி ஃபெலன் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நிகழ்த்துதல் அது நிகழும் கணத்தில் மட்டுமே உயிர் வாழ்வது. பதிவு செய்யப்பட்டதும் அது வேறொன்றாகிவிடுகிறது என்று வாதிட்டார். பிலிப் ஆஸ்லாண்டர் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் இதற்கு மாறான நோக்கை முன்வைத்தார். ஒரு நிகழ்வு கலைநிகழ்வாகக் கருதப்படுவதே அதனை ஆவணப்படுத்தும் செயலால்தான் என்பது அவர் கருத்து. இவ்விருவருக்கும் இடையே டயானா டெய்லர் 2003ஆம் ஆண்டில் ஒரு பயனுள்ள வேறுபாட்டைச் செய்து காட்டினார். ஏடு, படம், கட்டடம் போன்றவற்றில் தங்கும் நினைவு ஒருவகை. உடலிலிருந்து உடலுக்குப் பயிற்சியால் கைமாறும் நினைவு மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

டெய்லர் கூறும் இரண்டாம் வகை நினைவு நம் மரபில் வலுவானது. உறுமியின் தோலைத் தேய்க்கும் கோலின் அழுத்தத்தை எந்தப் பாடநூலும் கற்பித்ததில்லை. அண்ணன் அடிக்கும்போது அருகில் நின்று தம்பி கற்றுக்கொண்டது அது. எனவே நம் சூழலில் ஆவணமாக்கத்தின் பணி அக்கைமாற்றம் தடைப்படாதவாறு துணை நிற்பதும், தடைப்பட்டால் அதனை மீண்டும் தொடங்குவதற்கு வழி விடுவதும் ஆகும்.

இந்திய மண்ணில் இருவேறு எடுத்துக்காட்டுகளைக் காணலாம். காசிக்கு எதிரே கங்கைக் கரையிலுள்ள ராம்நகரில் நடைபெறும் ராமலீலை ஏறத்தாழ ஒரு மாத காலம் நீடிப்பது. ஊரின் ஒவ்வொரு பகுதியும் அயோத்தியாகவும் இலங்கையாகவும் காடாகவும் மாறுவதால் பார்ப்போர் காட்சிதோறும் இடம் பெயர்ந்து நடக்க வேண்டும். ரிச்சர்ட் செக்னர் 1970களில் இதனை ஆராய்ந்தபோது, உரையாடல்களோடு நில்லாமல் எந்தக் காட்சி எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதையும் கூட்டம் நகரும் பாதையையும் கவனத்தில் கொண்டார். விழாவின் பொருள் அதன் நிலவரைபடத்திலேயே அடங்கியிருப்பதை அவ்வாய்வு உணர்த்திற்று.

2007ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை சங்கமம் வேறு வகையைச் சார்ந்தது. பொங்கலையொட்டி மாநகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருக்களிலும் பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து முதலியன நிகழ்த்தப்பட்டன. இடையில் நின்றுபோன அவ்விழா 2023இல் தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் எடுக்கப்பட்டது. கிராமியக் கலைஞருக்கு மாநகரில் மதிப்பும் ஊதியமும் கிடைக்கச் செய்தது அதன் சிறப்பு. ஆயினும் விடிய விடிய ஆடப்பெறும் கூத்து அங்கே குறுகிய நேரத்தில் அடக்கப்பெறுகிறது. அங்கே எடுக்கப்படும் காணொளியை மட்டும் வைத்துத் தெருக்கூத்தை அறிய முற்படுபவர் சுருக்கத்தையே முழுமை என்று கொள்ள நேரிடும். கலை தன் ஊரிலும் தன் பொழுதிலும் இருக்கும்போது பதிவு செய்வது இன்றியமையாதது என்பதை இது வலியுறுத்துகிறது.

ஐந்து குழுக்கள் எடுக்கும் விழா

இனி ஜொகூர் பாருவுக்கு வருவோம். ஜாலான் துருஸ் சாலையில் உள்ள ஜொகூர் பழைய சீனக் கோயில் 1870களில் அமைக்கப்பட்டது. அபு பக்கார் ஜொகூரை ஆண்ட அக்காலத்தில் மிளகு, கம்பிர்த் தோட்டங்களில் சீனர் பெருமளவில் குடியேறினர். தியோச்சியூ சமூகத் தலைவர் தான் ஹியோக் நீ அக்கோயிலின் தோற்றத்தோடு தொடர்புடையவர். தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் ஆளுக்கொரு தெய்வத்தைப் பொறுப்பேற்று ஒரே கூரையின்கீழ் வழிபடுவது அக்கோயிலின் தனித்தன்மை.

சீன நாட்காட்டியின் முதல் மாதத்தில் விழா படிப்படியாக விரிகிறது. 18ஆம் நாள் விளக்கேற்றம். 19ஆம் நாள் ஊர்வலம் செல்லும் வீதிகளைத் தூய்மை செய்யும் சடங்கு. 20ஆம் நாள் ஐந்து தெய்வங்களும் பல்லக்கில் புறப்பட்டுத் தற்காலிகத் தங்குமிடத்தை அடைகின்றன. 21ஆம் நாள் இரவு நகர்வலம். 22ஆம் நாள் கோயிலுக்குத் திரும்புதல். பல்லக்குத் தூக்கிகள் அதனை நேராகச் சுமந்து செல்வதில்லை. வலமும் இடமும் ஆட்டியும் குலுக்கியும் ஆடவைத்துச் செல்கின்றனர். செழிப்பையும் வளத்தையும் வேண்டி எழுப்பப்படும் "ஹெங் ஆ, ஹுவாட் ஆ" என்னும் முழக்கம் தெருவின் இருபுறத்திலிருந்தும் எதிரொலிக்கிறது. சிங்க நடனக் குழுக்களும் முரசுக் குழுக்களும் உடன் செல்கின்றன.

வீதியைத் தூய்மை செய்யும் சடங்கைக் காணுந்தோறும் நமக்குப் புகாரின் புது மணல் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நாம் கூற வரவில்லை. தெருவை விழாவுக்குரியதாக மாற்றும் பணியும் விழாவின் உறுப்பே என்பதை இரு மரபுகளும் உணர்ந்திருந்தன என்பதே கருதத்தக்கது. நகர்வலத்தின் இரவில் மட்டும் கருவியோடு வந்து நிற்பவர் விழாவின் ஐந்தில் ஒரு பகுதியையே காண்கிறார்.

இவ்விழாவை ஆவணப்படுத்தியதில் ஜொகூர் பாரு சீனச் சமூகம் காட்டிய அக்கறை நம் கவனத்திற்குரியது. ஜாலான் இப்ராஹிமில் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சீனர் மரபுடைமை அருங்காட்சியகம் சமூக வரலாற்றைத் தொகுத்து வைத்துள்ளது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்திற்குப் பின், 2012ஆம் ஆண்டில் இவ்வூர்வலம் நாட்டின் மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. இதே நகரில் 1988ஆம் ஆண்டில் தான் சாய் புவான், தான் ஹூய் சோங் ஆகிய இருவரும் உருவாக்கிய 24 பருவ முரசுகள் என்னும் கலைவடிவம் 2009இல் தேசிய மரபுடைமை ஆயிற்று. ஆண்டின் 24 பருவங்களின் பெயர்களைத் தாங்கிய முரசுகளை இளைஞர் கூட்டாக முழக்கும் அக்கலை இன்று நாட்டின் பல சீனப் பள்ளிகளில் பயிலப்படுகிறது. அரசு அறிவிப்பை விடவும் அப்பள்ளிப் பயிற்சியே அதனை வாழவைக்கிறது என்பது நம் கருத்து.

பெருந்தொற்றுக் காலம் இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் வழக்கமான வீதி ஊர்வலம் நடைபெறவில்லை. 2023ஆம் ஆண்டில் அது மீண்டும் தெருவுக்கு வந்தது. ஐந்து குழுக்களுக்குரிய பொறுப்பு, புறப்படும் வரிசை, நாள்முறை ஆகியவை மனிதர்களிடமும் ஏட்டிலும் ஒருசேர நிலைபெற்றிருந்தமையால் மீட்பு எளிதாயிற்று. இரண்டாண்டு இடைவெளி சிறியதே. இருபதாண்டு இடைவெளி நேர்ந்தால் என்னாகும் என்பதே ஆவணமாக்குவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

பதிவான உடலும் பதிவாகாத ஒலியும்

ஜொகூர் பழைய சீனக் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் தேவஸ்தானம் உள்ளது. 1911ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற அக்கோயில் நகரத் தமிழரின் வாழ்வோடு பிணைந்தது. தைப்பூச நாள் ஜொகூர் மாநிலத்தில் பொது விடுமுறையாகும். பால்குடம், பால் காவடி, மயில் காவடி, அலகுக் காவடி எனப் பலவகை நேர்த்திக்கடன்கள் அன்று வீதியில் நிறைவேற்றப்படுகின்றன. தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. உறுமி மேளம் முழங்குகிறது.

மலேசியத் தைப்பூசத்தைப் பற்றிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. காலின் வார்ட் 1984ஆம் ஆண்டில் உளவியல் நோக்கில் ஆராய்ந்தார். எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997ஆம் ஆண்டில் பினாங்கை மையமாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். கார்ல் வடிவேலா பெல் 2017ஆம் ஆண்டில் புலம்பெயர் தமிழர் விழா என்ற நோக்கில் விரிவான நூலொன்றைத் தந்தார். இவை மதிக்கத்தக்க பணிகள். ஆனால் இவை ஆங்கிலத்தில் அமைந்தவை. நேர்த்திக்கடன், அருள்நிலை, சமூக அடையாளம் ஆகிய வினாக்களே இவற்றில் முதன்மை பெறுகின்றன. ஜொகூர் நகர ஊர்வலம் இவற்றின் மையக் களமும் அன்று. நாளிதழ்களிலும் இணையத்திலும் வெளிவரும் படங்களோ அலகு குத்திய முகத்தையும் முதுகில் மாட்டிய கொக்கிகளையும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வெளியார் கண்ணுக்கு வியப்பளிப்பதே படமாகிறது.

இதனால் விடுபட்டவை பல. காவடியின் சட்டத்தை யார் கட்டினார்? அதன் எடை சுமப்பவரின் தோளிலும் இடையிலும் எவ்வாறு பகிரப்படுகிறது? நடை தளரும்போது உறுமிக்காரர் எந்த அடியிலிருந்து எந்த அடிக்கு மாறுகிறார்? காவடி எடுத்தவர் நின்று சுழன்று ஆடும் இடம் எது. அங்கே ஏன் நிற்கிறார்? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பதிவு நம்மிடம் மிக அரிதாகவே உள்ளது. காவடியாட்டம் என்னும் சொல்லில் ஆட்டம் இருக்கிறது. நம் பதிவுகளில் காவடி மட்டுமே இருக்கிறது.

இங்கு நாம் இழைத்த பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் ஒரு காவடி ஊர்வலத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பதிவு செய்தோம். பதிவு நன்றாகவே அமைந்தது. பின்னர் அதனை வகுப்பில் திரையிட்டபோது, காவடியைக் கட்டிய முதியவர் சட்டகத்தின் ஓரத்தில் பலமுறை தோன்றுவதைக் கண்டோம். கம்பியை முறுக்கியும் துணியைச் செருகியும் அவர் செய்த சிறு சிறு திருத்தங்களே காவடியைச் சாயாமல் காத்தன. அவர் பெயரைக்கூட நாம் கேட்டு வைக்கவில்லை. அடுத்த ஆண்டு தேடிச் சென்றபோது அவர் காலமாகியிருந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் தம் தந்தையிடம் அத்தொழிலைக் கற்றவர் என்று உறவினர் கூறினர். அவரிடம் எவரும் கற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் மணிக்கணக்கில் காணொளி இருந்தது. அதனைப் பார்த்து ஒரு காவடியைக் கட்ட முடியாது.

தோட்டம் என்ற சொல் இங்கு முக்கியமானது. ஜொகூர் மாநிலத்தின் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டன. மக்கள் நகருக்குப் பெயர்ந்தபோது தோட்டத்துக் கோயில்களின் தீமிதியும் கரகமும் உறுமியும் அவர்களோடு நகருக்கு வந்தன. அக்கலைகளைத் தோட்டச் சூழலில் கற்ற தலைமுறை இன்று முதுமையடைந்துவிட்டது. ஆதலின் இவ்வாவணப் பணிக்குக் கால எல்லை ஒன்று உண்டு.

1973: ஒரு பாடம்

ஒலியை இழத்தல் எத்தகையது என்பதற்கு நீரிணையின் அக்கரையில் சான்று இருக்கிறது. சிங்கப்பூரில் 1972ஆம் ஆண்டில் பட்டாசுக்குத் தடை வந்தபின், 1973இல் மக்கள் கழகம் சிங்கே அணிவகுப்பைத் தொடங்கியது. அது ஆண்டுதோறும் விரிவடைந்து பல இனத்தாரும் பங்குகொள்ளும் நகர நிகழ்ச்சியாக வளர்ந்தது. அதே 1973ஆம் ஆண்டு முதல் தைப்பூச வீதி ஊர்வலத்தில் இசைக்கருவிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2016ஆம் ஆண்டில்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் தரப்பட்டது. பொது ஒழுங்கு கருதி எடுக்கப்பட்ட முடிவின் சரி தவறுகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் காவடி எடுத்தோர் வீதியில் நேரடி மேளமின்றி நடந்தனர் என்னும் உண்மையே இங்கு வேண்டப்படுவது.

தாளம் நின்றால் நடை மாறும். நடை மாறினால் ஆட்டம் சுருங்கும். இக்கரையில் உறுமியும் காவடியும் பிரியாமல் இருந்தமையால், மேளத்திற்கும் உடலுக்கும் இடையிலான உறவை ஆராய்வதற்கு ஜொகூர் ஊர்வலம் தக்க களமாகிறது. நம் பதிவு அக்கரைத் தமிழருக்கும் பயன்படக் கூடும். ஆனால் உறுமியின் ஓசையைத் தொலைவிலிருந்து பதிவு செய்யும் கைப்பேசிப் படங்களால் இப்பயன் விளையாது. உறுமிக்காரரின் இரு கைகளும், காவடி எடுத்தவரின் பாதங்களும் ஒரே வேளையில் பதிவாக வேண்டும். அடிகளுக்குக் குழுவினர் தமக்குள் வழங்கும் பெயர்கள் கேட்டு எழுதப்பட வேண்டும். அவர்கள் வாயால் சொல்லிக் காட்டும் சொற்கட்டுகள் சிதையாமல் குறிக்கப்பட வேண்டும்.

எதைப் பதிவு செய்வது?

மேற்கூறியவற்றிலிருந்து நகர விழா ஆவணம் ஒன்றில் இடம்பெற வேண்டிய கூறுகளைத் தொகுக்கலாம். முதலாவது, பாதையும் பொழுதும். ஊர்வலம் புறப்பட்ட நேரம், நின்ற இடங்கள், திரும்பிய சந்திகள் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் பாதை மாறினால் அதற்கான காரணமும் வேண்டும். இரண்டாவது, ஆயத்தப் பணிகள். நோன்பு, கொடியேற்றம், காவடி கட்டுதல், பந்தலிடுதல், அன்னதானச் சமையல் ஆகியன விழாவுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றன. மூன்றாவது, ஒலியும் உடலும் இணைந்த பதிவு. நான்காவது, கைவினைஞர் வரலாறு. யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்பது அவர் வாய்மொழியாகவே பதிவாதல் நலம். ஐந்தாவது, நிருவாகப் பதிவுகள். கோயில் நிருவாகக் கூட்டக் குறிப்புகள், அழைப்பிதழ்கள், காவல் துறைக்கும் நகராண்மைக்கும் எழுதிய கடிதங்கள் முதலியன விழாவின் வரலாற்றை எந்தப் படத்தையும்விடத் துல்லியமாகச் சொல்ல வல்லவை. இவை பழைய இரும்பு அலமாரிகளில் கறையானுக்கு இரையாகும் நிலையை நாம் பலவிடங்களில் கண்டுள்ளோம்.

ஒருவரால் விழா முழுவதையும் காண இயலாது என்றோம். ஆதலால் இப்பணி தனி ஆய்வாளருக்குரியதாக இருக்க முடியாது. ஐந்து குழுக்கள் ஐந்து பல்லக்குகளைச் சுமப்பதுபோல், பல்கலைக்கழகமும் தமிழ்ப்பள்ளியும் கோயில் நிருவாகமும் இசைக்குழுவும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து மாணவர் ஆளுக்கொரு சந்தியில் நின்று தாம் கண்டதை நேரத்தோடு எழுதினாலே தனியொருவர் கண்ணுக்கு எட்டாத முழுமை ஓரளவு கிட்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இந்திரவிழவூரெடுத்த காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனைத் தொடர்ந்து மாணவரைத் தம் ஊர் விழாவுக்கு ஒரு விழாவறை காதை எழுதப் பணிக்கலாம். இலக்கியப் பாடமும் களப்பணியும் அங்கே ஒன்றுபடும்.

எதைப் பதிவு செய்யாதிருப்பது?

வழிபாட்டை நிகழ்த்துகலை என்று அழைப்பது தகுமா என்னும் ஐயம் பக்தர்களுக்கு எழுவது இயல்பு. காவடி எடுப்பவர் எவருக்கும் ஆடிக் காட்டவில்லை; தம் கடனைச் செலுத்துகிறார். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் தமிழ் மரபு வழிபாட்டையும் ஆடலையும் எதிரெதிரே நிறுத்தியதில்லை. ஆய்ச்சியர் குரவை தீய நிமித்தங்களைக் கண்டு ஆடப்பெற்றது. வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். இவற்றை எழுதியமையால் இளங்கோவடிகள் அவற்றின் புனிதத்தைக் குறைத்தார் என எவரும் கூறார்.

இருப்பினும் காப்பியத்தின் சாலினிக்கும் இன்று நம் முன் அருள்வந்து நிற்கும் பெண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னவருக்கு நாளை அலுவலகம் உண்டு. அண்டை வீட்டார் உண்டு. தம் படம் எங்கெங்கோ பரவுவதை அவர் விரும்பாதிருக்கலாம். அருள்நிலையில் இருப்பவரிடம் இசைவு பெறவும் இயலாது. எனவே முன்னரே இசைவு பெறுதலும், விழாவுக்குப் பின் பதிவை அவரிடம் காட்டி ஒப்புதல் கேட்டலும், மறுத்தால் நீக்கிவிடுதலும் ஆய்வறமாகும். நேர்த்திக்கடனின் காரணத்தைத் துருவிக் கேட்பது வேண்டாதது. நோயும் மகப்பேறும் குடும்பத் துயரும் அதன் பின்னே இருக்கலாம். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, மரபைப் பேணும் பணியில் அம்மரபுக்குரிய சமூகத்தாரின் பங்கேற்பை வலியுறுத்துகிறது. எதை மறைத்து வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அப்பங்கேற்பில் அடங்கும். பதிவின் படி ஒன்று கோயிலிலும் இசைக்குழுவிடமும் இருத்தல் வேண்டும். கொடுத்தவரிடம் திரும்பிச் செல்லாத ஆவணம் அவர்களுக்குப் பயன்படுவதில்லை.

முடிவுரை

ஜொகூர் பாருவின் இருவகை ஊர்வலங்களை ஒப்பிட்டதன் நோக்கம் ஒரு சமூகத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதன்று. ஒரே நகரின் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இரு மரபுகளுள் ஒன்று, விழாவை நடத்துவதோடு அதன் நினைவையும் தன் பொறுப்பாகக் கொண்டு செயற்பட்டுள்ளது. மற்றொன்று, நடத்துவதில் எவ்வகையிலும் குறைவற்றதாயினும் நினைவைப் பிறர் கருவிகளிடம் விட்டுவிட்டது. இந்நிலை மாற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மணிமேகலை ஒரு கதை கூறுகிறது. மகனைப் பிரிந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழா எடுப்பதை மறந்தான். கடல் புகாரைக் கொண்டது. இக்கதையை நாம் தெய்வச் சினமாகவே விளக்கி வருகிறோம். விழாவை மறந்த ஊர் தன்னைத்தானே மறக்கத் தொடங்குகிறது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். புகார் அழிந்தபின்னும் அதன் வீதியில் எந்த மணல் பரப்பப்பட்டது என்பதை நாம் அறிவோம். எழுதி வைத்தவர் இருந்தார். அடுத்த தைப்பூசத்தன்று ஜொகூர் பாருவில் காவடி கட்டும் கைகளுக்கு அருகில் ஓர் ஆசிரியரும் இரு மாணவரும் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பாராயின், முதலில் அவர்கள் எழுத வேண்டியது அக்கைகளுக்குரியவரின் பெயர்.